அடக்கிய கோபம் ஆறிய கோபம் ஆகாது

“எனக்குக் கோபமே வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அலுவலகத்தில் நான் 3 மாதம் உழைத்துத் தயாரித்த அறிக்கையைச் சக ஊழியர் தன் பெயரில் காட்டிக்கொண்டார். நானும் சிரித்தபடி கை தட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று மகளிடம் கத்தினேன். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி சொல்கிறார். கோபத்தை அடக்குவது உடம்புக்குக் கெடுதலா? கொட்டித் தீர்த்துவிட வேண்டுமா?” என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்குறி இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டுமே நீங்கள் கேட்க வந்த கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. கை தட்டினேன் என்கிறீர்களே, கேள்வி அங்கேதான் இருக்கிறது: எனக்கு உரியதை எனக்கு உரியது என்று சொன்னால் நான் கெட்டவன் ஆகிவிடுவேனா? உடம்பைப் பற்றிக் கேட்டதற்கு ஆய்வுகளை வைத்துப் பதில் சொல்லலாம். இதற்கு, 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆலோசனை அறையில் உட்கார்ந்து காதில் வாங்கியதை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் சொல்லப் பார்க்கிறேன்.

சினம் ஆற வேண்டியது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நல்ல பாடம். ஆனால் ஆறுவது என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கொதித்த நீர் ஆறும். அதற்குக் காற்றுப் பட வேண்டும். மூடி போட்டு வைத்தால் நெடுநேரம் சுட்டுக்கொண்டே இருக்கும். சொல்லிக்கொடுத்தது ஆறுவதை, நாம் பழகிக்கொண்டது மூடுவதை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், “அவர் எவ்வளவு பொறுமைசாலி” என்று இரண்டுக்கும் ஒரே பாராட்டுத்தான் கிடைக்கும். இந்த உவமையை இத்தோடு விட்டுவிடுகிறேன். கோபத்தைக் கொதிநீராகவே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு தப்பான முடிவுக்குப் போய்விடுவோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். 1993-இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு அருவருப்பூட்டும் படத்துண்டு ஒன்றைப் போட்டுக்காட்டினார்கள். ஒரு சாராரிடம் மட்டும், பார்க்கும்போது முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று சொல்லிவைத்தார்கள். முகம் சொன்ன பேச்சைக் கேட்டது. உள்ளே இருந்த அருவருப்பு கேட்கவில்லை, அது மற்றவர்களுக்கு இருந்த அளவிலேயே இருந்தது. தோலின் வியர்வைக் கசிவு போன்ற அளவுகளில் பார்த்தால், அடக்கியவர்களின் உடம்பு அடக்காதவர்களுடையதைவிட அதிகமாகவே கிளர்ந்திருந்தது. 2003-இல் எமிலி பட்லரும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைச் செய்தார்கள். முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனத்தை உலுக்கும் படம் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், உணர்ச்சியை வெளிக்காட்டாமல் பேசும்படி ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். அப்படிப் பேசியவருக்கு எதிரில் உட்கார்ந்து, விஷயமே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவரின் ரத்த அழுத்தம் ஏறியது. “நான் அமைதியாகத்தானே இருக்கிறேன், வீட்டில் எல்லோரும் ஏன் என்னைப் பார்த்துத் தயங்குகிறார்கள்?” என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: இவை சில நிமிடப் படங்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் நடந்தவை. 3 மாத உழைப்பு பறிபோனவருக்கு இவற்றைப் பொருத்துவது என் ஊகம். ஆதாரம் இல்லாத ஊகம் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் ஊகம்தான்.

நோய் வருமா என்றால், இங்கே தரை அவ்வளவு உறுதியாக இல்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வின் ஒரு பகுதி 2007-இல் வெளியானது. கணவருடன் சச்சரவு வரும்போது வாயை மூடிக்கொள்வதாகச் சொன்ன பெண்கள், அடுத்த 10 ஆண்டுகளில் இறந்துபோகும் வாய்ப்பு மற்றப் பெண்களைப்போல ஏறக்குறைய 4 மடங்கு என்று கணக்கு வந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. எண் பயமுறுத்துகிறது, ஆனால் மௌனம்தான் கொன்றது என்று இது நிரூபிக்கவில்லை. வாயைத் திறக்கவே முடியாத வீட்டில் வாழ்வது மௌனத்துக்கும் காரணமாக இருக்கலாம், உடம்பு கெடுவதற்கும் காரணமாக இருக்கலாம். அடக்கிய கோபம் புற்றுநோயாக மாறும் என்று ஒரு பேச்சு உலவுகிறதே, அதை மட்டும் நம்பாதீர்கள். பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள், ஒருவருடைய மன இயல்புக்கும் புற்றுநோய் வருவதற்கும் நம்பத்தக்க தொடர்பைக் காட்டவில்லை. படுக்கையில் கிடக்கும் ஒருவரிடம் போய், “நீ எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவைத்தாய், அதனால்தான்” என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் இடங்களில் அதுவும் ஒன்று.

கொட்டித் தீர்ப்பது பற்றி ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் நானும் தலையணையை அடிக்கச் சொன்ன ஆள்தான். அடித்தவர்கள் முகம் சிவந்து, மூச்சு வாங்க, “இப்போது லேசாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே கோபம், அதே ஆள்மேல், சில சமயம் ஒரு படி கூடுதலாக. உள்ளே தேங்கிய உணர்ச்சியை வெளியேற்றினால் நோய் தீரும் என்ற எண்ணம், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டும் அவரோடு சேர்ந்து எழுதிய மருத்துவர் புராயரும் 1895-இல் எழுதியதிலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. கொதிநீர் உவமை இழுத்துப்போகும் தப்பான முடிவு என்றேனே, அது இதுதான். 2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை ஒருவர் கடுமையாகத் திட்டியதுபோல ஏற்பாடு செய்து கோபமூட்டினார். பிறகு ஒரு குழுவினர் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு குழுவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருந்தது. முடிவில் அதிகக் கோபத்தோடும் அதிகமாகத் தாக்கும் எண்ணத்தோடும் இருந்தவர்கள், திட்டியவரை நினைத்துக் குத்தியவர்கள். சும்மா இருந்தவர்களிடம்தான் தாக்கும் எண்ணம் மிகக் குறைவு. புஷ்மனும் சோஃபி கியார்விக் என்ற ஆய்வாளரும் 2024-இல், 10,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடம்பின் வேகத்தைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசைத் தளர்ச்சி போன்றவை கோபத்தைக் குறைத்தன. வேகத்தைக் கூட்டும் செயல்கள், நாம் நல்லது என்று நினைக்கும் ஓட்டம் உட்பட, குறைத்ததாகத் தெரியவில்லை. ஆக, கொட்டித் தீர்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு என்னால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. தலையணை விஷயத்தில் நான் தவறாக வழிகாட்டியவர்களிடம் மன்னிப்புக் கேட்க வாய்ப்பில்லை.

அடக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது என்றால் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கோபத்தில் சூடு ஒன்று, சேதி ஒன்று. சூட்டை மூச்சு தணிக்கும், ஒரு நடை தணிக்கும், ஒரு இரவுத் தூக்கம்கூடத் தணிக்கும். சேதி அப்படித் தணியாது. “இது என்னுடையது, கேட்காமல் எடுத்துக்கொண்டாய்” என்பது அந்தச் சேதி. அது சேர வேண்டிய ஆளிடம் சேரும்வரை வாசலிலேயே நிற்கும். கூட்டத்தில் நீங்கள் கோபத்தைக் காட்டாமல் இருந்தது தவறே இல்லை. நூறு பேர் நடுவில் எழுந்து கத்தியிருந்தால் இன்று வேறொரு கேள்வியை எழுதிக்கொண்டிருப்பீர்கள். மறுநாளும் சொல்லவில்லை, மறுவாரமும் சொல்லவில்லை, அங்கேதான் சிக்கல். ஜேம்ஸ் அவெரில் என்ற உளவியலாளர் 1980-களின் தொடக்கத்தில், சாதாரண மனிதர்களிடம் அவர்களுடைய அன்றாடக் கோபங்களைப் பற்றிக் கேட்டுத் தொகுத்தார். கோபம் பெரும்பாலும் நேசிப்பவர்கள் மீதும் நன்கு தெரிந்தவர்கள் மீதும்தான் வந்தது, கைகலப்பு அரிது. இன்னொருவருடைய கோபத்துக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர், அதனால் தங்கள் தவறு தங்களுக்குத் தெரிந்தது என்று சொன்னார்கள். சேதி போய்ச் சேர்ந்த கோபம் அப்படி வேலை செய்கிறது. உங்களுடையது விலாசம் மாறிப்போய்விட்டது: அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தை மகள் பிரித்துப் படிக்க நேர்ந்தது. அவளிடம் திருப்பி அடிக்கும் பலம் இல்லை என்பதால்தான் அது அங்கே போனது என்று சொன்னால் உங்களுக்கு வலிக்கும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் அவளிடம், “கதவுக்கும் என் கோபத்துக்கும் சம்பந்தமில்லை, நான் கத்தியது தவறு” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு “ஆனால் நீயும்...” என்று தொடங்க வேண்டாம்.

நமக்காக நாமே பேசுவதற்கு எவ்வளவு சின்ன வாக்கியம் போதும், அது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. வயதான அம்மாவை ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு, 11 ஆண்டுகளாக இவர் தலையில். அண்ணன் தொலைபேசியில், “நீ போய்விடுகிறாய் அல்லவா?” என்று கேட்பார், இவர் “பார்க்கலாம்” என்பார். பார்க்கலாம் என்பது விசித்திரமான சொல். சொல்பவர் முடியாது என்று சொன்னதாக நினைத்துக்கொள்கிறார், கேட்பவர் சரி என்று எடுத்துக்கொள்கிறார், கடைசியில் இருவருமே ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள். அறையில் ஒரு காலி நாற்காலியைக் காட்டி, அண்ணன் அங்கே இருக்கிறார், சொல்லுங்கள் என்றேன். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார்: “அண்ணா, உங்களுக்கு வேலை இருக்கும், எனக்குத் தெரியும், இருந்தாலும் இந்த ஒரு தடவை, முடிந்தால் மட்டும், முடியாவிட்டால் பரவாயில்லை, நானே...” கோரிக்கை வாயைவிட்டு வருவதற்குள் அதை அவரே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறாவது முறை, “அண்ணா, வியாழக்கிழமை அம்மாவை நீங்கள் அழைத்துப்போங்கள்” என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்திய பிறகு அந்த வார் இன்னும் இறுகியது. “சொல்வதுகூடப் பரவாயில்லை. சொல்லி முடித்த பிறகு வரும் அமைதியைத்தான் தாங்க முடியவில்லை” என்றார். நான் பார்த்தவரை, பெரும்பாலோர் தோற்பது அந்த 3 விநாடியில்தான். அமைதியை நிரப்ப ஒரு சமாதானம், அதைத் தொடர்ந்து ஒரு சலுகை, கடைசியில் பழையபடி எல்லாம் தன் தலையில்.

அந்த வாரமே அவர் அண்ணனிடம் சொன்னார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, எத்தனை மணிக்கு?” என்று கேட்டாராம். அடுத்த சந்திப்புக்கு மகிழ்ச்சியோடு வருவார் என்று எதிர்பார்த்தேன், அழுதுகொண்டு வந்தார். 11 ஆண்டுகள் ஒரு வாக்கியத்தால் தீர்ந்திருக்கக்கூடியவையா என்ற கோபம், அதுவும் தன்மேலேயே. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதேபோல ஒரு வாக்கியம் சொன்ன இன்னொருவருக்கு, நெருங்கிய நண்பரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இவர் இணங்கிப்போனதில்தான் அந்த நட்பு நின்றிருந்தது என்று இன்று அவர் சொல்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம், மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதாகவும் இருக்கலாம்.

நமக்காக நாமே பேசுவது குணம் சார்ந்த விஷயம், பிறவியிலேயே வர வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1949-இல் உளவியலாளர் ஆண்ட்ரூ சால்டரும், 1958-இல் மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்பியும் இதைப் பயிற்சியால் கற்கக்கூடிய ஒன்றாகவே எழுதினார்கள். வோல்பியின் எண்ணம் எளிமையானது: தன் தேவையைத் தெளிவாகச் சொல்லும் செயலும் பயமும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது கடினம், ஒன்று வரவர மற்றது பின்வாங்கும். அதாவது தைரியம் வந்தபிறகு பேசலாம் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். அவருடைய கோட்பாட்டு விளக்கத்தை இன்று அப்படியே ஏற்பவர்கள் குறைவு. ஆனால் செய்து பழகினால் பயம் குறைகிறது என்பதை நான் திரும்பத்திரும்பப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. நீண்ட நாள் அடக்கிப் பழகியவர்களின் அளவுகோல் கோணியிருக்கும். டேனியல் ஏம்ஸ், அபி வாஸ்லாவெக் ஆகியோர் 2014-இல் பேரம்பேசும் பயிற்சிகளை வைத்துச் செய்த ஆய்வில், சரியான அளவு உறுதியோடு பேசியதாக எதிர்த் தரப்பினரால் மதிப்பிடப்பட்டவர்களில் கணிசமானோர், தாங்கள் வரம்பு மீறிவிட்டதாக நினைத்திருந்தார்கள். ஆகவே நீங்கள் முதல் முறை வாய்திறந்த அன்று இரவு, கொடுமையாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றினால், அந்த உணர்வை உடனே நம்பிவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்புவதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

உங்கள் சக ஊழியரிடம் வருவோம். நான் கேட்டது உங்கள் பக்கத்தை மட்டும்தான். அவரும் அதில் பாதி வேலை செய்ததாகச் சொல்லக்கூடும், உண்மையிலேயே செய்தும் இருக்கலாம். அதனால் முதலில் எந்தப் பகுதி உங்களுடையது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேதிகள், அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். பிறகு தனியாகப் போய்ப் பாருங்கள். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று தொடங்க வேண்டாம். ஏன் என்று கேட்டால் காரணம் வரும், காரணம் வந்தால் நீங்கள் தலையாட்டுவீர்கள், அதுதான் உங்கள் வழக்கம். “அறிக்கையின் கணக்குகளும் முதல் இரண்டு பகுதிகளும் நான் செய்தவை. கூட்டத்தில் அது சொல்லப்படவில்லை. மேலாளரிடம் நீங்களே தெரிவித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்காவிட்டால் நான் எழுதுகிறேன்.” இவ்வளவு போதும். இதில் வசவு இல்லை, அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, நடந்ததும் வேண்டியதும் மட்டும் இருக்கின்றன. அவர் கோபப்பட்டால் அது அவருடைய கோபம், அதை ஆற்றும் வேலையையும் நீங்கள் இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் சொன்னபடி எழுதியே ஆக வேண்டும். எழுத மாட்டீர்கள் என்றால் அந்தக் கடைசி வாக்கியத்தை இப்போதே எடுத்துவிடுங்கள்.

நான் சொன்ன எதுவும் பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. எதிரில் இருப்பவர் கை ஓங்குபவர் என்றால், வாய்திறந்தால் உயிருக்கோ குழந்தைகளுக்கோ ஆபத்து என்றால், அங்கே மௌனம் கோழைத்தனம் ஆகாது, அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அங்கே முதலில் தேவைப்படுவது பாதுகாப்பும் துணைக்கு ஆளும். பேச்சுப் பயிற்சி பிறகுதான். வேலை போனால் அடுத்த மாதம் ஓடாது என்ற நிலையில் இருப்பவரிடம் “எதிர்த்துக் கேள்” என்று தூரத்திலிருந்து சொல்வது எனக்குச் சுலபம், விலை கொடுப்பவர் அவர். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் இவ்வளவு தூரம் சொன்னேன். மகளிடம் கத்துவது கை நீட்டும் அளவுக்குப் போனாலோ, தூக்கமின்மையும் எதிலும் ஈடுபாடில்லாத மனநிலையும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, இப்படி எழுத்தில் வரும் பதில் போதாது, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள்.

பல்லை எப்படியும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மன அழுத்தம் அதற்கு ஒரு காரணம் மட்டுமே. சில மருந்துகளாலும் வேறு உறக்கக் கோளாறுகளாலும்கூட அது வரலாம். காரணம் எதுவாக இருந்தாலும், அது தெரியும்வரை பல் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் ஒன்று: பழக்கம் ஒரு நாளில் போகாது, அடுத்த முறை யாராவது கேட்கும்போது உங்கள் வாயிலும் அந்தப் “பார்க்கலாம்” வந்துவிடும். வந்துவிட்டால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம், அன்று மாலையே திருத்திக்கொள்ளலாம். “காலையில் பார்க்கலாம் என்று சொன்னேன். யோசித்தேன், என்னால் முடியாது.” தாமதமாகச் சொன்னாலும் செல்லும்.